வாத்து வேட்டைக்குப் போனார்கள், பனிப்புயலில் சிக்கினார்கள்!

வானம் கொள்ளாத வாத்துகள். சுடச் சுட வந்துகொண்டே இருந்தன. "அடடா, என்ன அதிர்ஷ்டம்!" என்று வேட்டைக்காரர்கள் பூரித்துப் போனார்கள்.

மறுநாள் பொழுது விடிந்தபோது அவர்களில் பலர் உயிரோடு இல்லை. ஆற்றுத் தீவுகளில் பனியில் விறைத்துப் பிணமாகக் கிடந்தார்கள்.

இது கட்டுக்கதை அல்ல. 1940-ம் ஆண்டு நவம்பர் மாதம் 11-ந் தேதி, அமெரிக்காவின் வட பகுதியில் நடந்த சம்பவம்.

வாத்துகளின் பாதை

அமெரிக்காவின் வடக்கே மின்னசோட்டா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அதற்குக் கிழக்கே விஸ்கான்சின் மாகாணம். இரண்டுக்கும் நடுவே மிசிசிப்பி என்ற பெரிய ஆறு தெற்கு நோக்கி ஓடுகிறது. கப்பல் போக்குவரத்துக்காக 1930-க்குப் பிறகு இந்த ஆற்றின் குறுக்கே வரிசையாக அணைகள் கட்டினார்கள். அணைக்கு மேலே தண்ணீர் தேங்கி, இரு கரையிலும் பரந்து நின்றது. தாழ்வான காடுகள் சதுப்பு நிலம் ஆயின. மேடான இடங்கள் சிறு சிறு தீவுகள் ஆயின. எங்கு பார்த்தாலும் நாணலும் புதரும் தண்ணீரும்தான்.

மனிதன் வசிக்க அந்த இடம் லாயக்கில்லை. ஆனால் வாத்துகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

நம் வீட்டுப் பக்கம் குளத்தில் நீந்தும் வளர்ப்பு வாத்து வேறு. இவை காட்டு வாத்துகள். கோடையில் கானடா நாட்டின் ஏரிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். குளிர் தொடங்கியதும் கூட்டம் கூட்டமாகத் தெற்கே பறக்கும். குளிர்காலத்தில் வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் ஊசிவால் வாத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். அதே ஜாதி வாத்து மிசிசிப்பி ஆற்றுக்கும் வருகிறது. இங்கே வருவது ஆசியாவின் வடக்கேயிருந்து. அங்கே வருவது கானடாவிலிருந்து. அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசிப் பருவம்

அங்கே வாத்து வேட்டைக்கு அரசாங்கம் காலம் குறித்திருக்கிறது. இலையுதிர் காலத்தில் வேட்டை தொடங்கும். முதல் சில வாரங்களில் அகப்படுபவை பெரும்பாலும் உள்ளூர் வாத்துகள். அனுபவம் உள்ள வேட்டைக்காரர் அதற்கு அவசரப்பட மாட்டார். அவர் காத்திருப்பது கடைசிப் பருவத்துக்கு.

வடக்கே குளிர் முற்ற முற்ற, சிறிய குளங்களும் ஏரிகளும் உறைந்து பனிக்கட்டி ஆகிவிடும். வாத்துக்கு இரை தேட இடம் இருக்காது. அப்போதுதான் பெரிய கூட்டம் புறப்படும். பச்சைத் தலை கொண்ட ஆண் வாத்து, நீல மூக்கு வாத்து என்று வகை வகையாக வரும். நன்றாகத் தின்று கொழுத்த பறவைகள். கூஸ் என்னும் பெருவாத்தும் வரும். அதற்கு நீண்ட கழுத்து. அம்பு முனை போல அணிவகுத்துப் பறக்கும்.

மழை, காற்று, பனி என்றால் வாத்து தாழப் பறக்கும். ஒதுங்க இடம் தேடும். வானம் தெளிவாக இருந்தால் துப்பாக்கிக்கு எட்டாத உயரத்தில் போய்விடும். ஆகையால் ஊரெல்லாம் வெயில் வேண்டும் என்று ஏங்கும்போது, வாத்து வேட்டைக்காரர் மட்டும் "காற்று அடிக்காதா, மழை வராதா" என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இது விசித்திரமான ஆசைதான். இந்த ஆசையே அன்று அவர்களுக்கு எமனாக வந்தது.

பொம்மை வாத்து

வேட்டை எப்படி நடக்கும்?

விடிவதற்கு முன்பே, அடி தட்டையான சிறு படகில் ஆற்றுக்குள் போவார்கள். தீவின் ஓரத்தில் நாணலை வளைத்துக் கட்டி, அதற்குள் மறைந்துகொள்வார்கள். மரத்தில் செதுக்கி வர்ணம் பூசிய பொம்மை வாத்துகளைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். மேலே பறக்கும் வாத்து அவற்றைப் பார்த்து, "நம் இனத்தார் இங்கே இறங்கியிருக்கிறார்கள், இடம் பத்திரமானது" என்று நம்பி இறங்கும். வாத்துக் குரல் போலவே ஒலிக்கும் ஊதுகுழலும் உண்டு. அதை ஊதிக் கூப்பிடுவார்கள். முன்பெல்லாம் உயிருள்ள வாத்துகளையே பழக்கி, காலில் கயிறு கட்டி மிதக்க விட்டார்கள். அது பெரிய அக்கிரமம் என்று 1935-ல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள்.

சுட்ட வாத்து தண்ணீரில் விழும். அதைக் கவ்விக்கொண்டு வருவது நாயின் வேலை. லாப்ரடார் என்ற நாய் இதற்குப் பேர் போனது. உறைகிற தண்ணீரிலும் தயங்காமல் குதிக்கும்.

அந்தக் காலத்தில் வேட்டை வெறும் விளையாட்டு அல்ல. அமெரிக்காவிலும் ஏழைகள் உண்டு. 1930 முதல் பத்து ஆண்டுகள் அங்கே கடுமையான பணமுடை. நான்கு வாத்து கிடைத்தால் வீட்டில் பிள்ளைகளுக்குக் கறிச் சாப்பாடு. அதே ஆண்டுகளில் மழை பொய்த்து, வடக்கே ஏரிகள் வறண்டன. வாத்து இனமே அருகிப்போனது. 1935-ல் வேட்டைக் காலத்தை 30 நாட்களாகச் சுருக்கினார்கள். 1934 முதல் ஒவ்வொரு வேட்டைக்காரரும் ஒரு டாலர் கொடுத்து அரசாங்க முத்திரை வாங்க வேண்டும் என்று விதி வந்தது. அந்தப் பணத்தில் சதுப்பு நிலங்களை வாங்கிப் பறவைகளுக்காகப் பாதுகாத்தார்கள். பிறகு மழை பெய்தது. வாத்துகள் மீண்டும் பெருகின.

ஆகவே 1940-ல் எல்லோருக்கும் ஒரே ஆவல். ஆனால் அந்த ஆண்டு நவம்பர் பிறந்தும் குளிர் வரவில்லை. குளிர் வராததால் வாத்தும் வரவில்லை. வேட்டைக்காரர்கள் துப்பாக்கியைத் துடைத்து வைத்துக்கொண்டு வழிமேல் விழி வைத்திருந்தார்கள்.

விடுமுறை நாள்

நவம்பர் 11-ந் தேதி திங்கட்கிழமை. முதல் உலக யுத்தம் 1918-ல் முடிந்த நாள் அது. அதன் நினைவாக அரசாங்க விடுமுறை. பலருக்கு வேலை இல்லை. விடியற்காலையிலேயே தந்தையும் மகனும், அண்ணனும் தம்பியும், நண்பர்களுமாகப் படகுகளில் கிளம்பினார்கள்.

அன்று காலை குளிரே இல்லை. பல இடங்களில் 60 டிகிரி பாரன்ஹீட் வரை வெப்பம் இருந்தது. தண்ணீர் உறைவது 32 டிகிரியில். நவம்பர் மாதத்தில் அந்தப் பக்கம் 60 டிகிரி என்பது வசந்த காலம் மாதிரி. பலர் மெல்லிய சட்டையும் கித்தான் மேலங்கியும் மட்டும் போட்டுக்கொண்டு போனார்கள். கம்பளி உடுப்பு வீட்டிலேயே தொங்கியது.

வானொலியில் பெரிய எச்சரிக்கை எதுவும் இல்லை. அந்த வட்டாரம் முழுவதற்கும் வானிலை அறிவிப்பு சிகாகோ நகரத்திலிருந்துதான் வந்தது. சிகாகோ எங்கே, மிசிசிப்பித் தீவு எங்கே! அங்கே இரவில் ஆள் வேலை பார்ப்பதும் கிடையாது. குளிர் வரும் என்று அறிவித்திருந்தார்கள். இத்தனை பயங்கரமாக வரும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் புயல் பல நாட்களாகவே நடந்து வந்துகொண்டிருந்தது. நான்கு நாட்களுக்கு முன், மேற்குக் கடற்கரைப் பக்கம் டகோமா என்ற ஊரில் ஒரு பெரிய தொங்குபாலம் காற்றில் ஊஞ்சல் போல ஆடி அறுந்து விழுந்தது. அந்தக் காற்றைக் கொண்டுவந்த புயல்தான் மலைகளைத் தாண்டிக் கிழக்கே வந்தது என்பார்கள். தெற்கேயிருந்து கடலின் ஈரக்காற்று. வடக்கேயிருந்து துருவத்தின் கடுங்குளிர். இரண்டும் மோதிய இடத்தில் புயலுக்கு வெறி பிடித்தது.

மனிதனுக்குத் தெரியாதது வாத்துக்குத் தெரிந்துவிட்டது. புயலுக்கு முன்னால் ஓடித் தப்புவதற்காக, வாத்துகள் ஆயிரக்கணக்கில் ஆற்றின் மேல் வந்து குவிந்தன. தாழப் பறந்தன. வழக்கமாக மனிதனைக் கண்டால் விலகிப் போகும் பறவைகள், அன்று துப்பாக்கிச் சத்தத்துக்கும் அஞ்சவில்லை.

அது அபாய அறிவிப்பு. வேட்டைக்காரர்களுக்கோ அது விருந்து அழைப்பாகப் பட்டது. இத்தனை நாள் காத்திருந்தவர்கள் எப்படித் திரும்பிப் போவார்கள்? "இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்" என்று தங்கினார்கள். வானத்தின் நிறத்தைப் பார்த்து உடனே கரைக்குத் திரும்பியவர்களும் உண்டு. அவர்கள் பிழைத்தார்கள்.

காற்று திரும்பியது

முதலில் மழை பெய்தது. உடுப்பெல்லாம் நனைந்தது. நண்பகல் வாக்கில் காற்று திசை மாறியது. அடித்த வேகம் மணிக்கு 50 மைலுக்கு மேல். சில இடங்களில் 80 மைல்! மழை ஆலங்கட்டி ஆனது. ஆலங்கட்டி பனி ஆனது. எதிரே நீட்டிய கை தெரியவில்லை.

அணைகளால் அகன்று கிடந்த ஆறு இப்போது கடலானது. ஐந்து அடி உயரத்துக்கு அலைகள் எழுந்தன. தட்டைப் படகுகள் குளத்தில் மீன் பிடிக்கத்தான் லாயக்கு. இந்த அலையில் அவை காகிதக் கப்பல் மாதிரி கவிழ்ந்தன. கரை அரை மைல் தூரம்தான். இருந்தும் போக வழி இல்லை. துணிந்து கிளம்பிய சிலர் நீரில் மூழ்கி மாண்டார்கள். மற்றவர்கள் இருந்த தீவிலேயே சிறைப்பட்டார்கள்.

தண்ணீர் தெறித்து உடுப்பின் மேல் உறைந்தது. மேலங்கி பலகை மாதிரி விறைத்தது. தீக்குச்சி நனைந்துவிட்டது. இருட்டும் வந்துவிட்டது.

குளிரில் மனிதன் சாவது எப்படி என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அந்த இரவின் கொடுமை புரியும். நனைந்த உடம்பு வெகு வேகமாகச் சூட்டை இழக்கும். முதலில் கடுமையான நடுக்கம். பிறகு விரல்கள் மரத்துப்போகும்; தீக்குச்சியைப் பிடிக்கக்கூட முடியாது. புத்தி தடுமாறும். அதன் பிறகு நடுக்கம் நின்றுவிடும். "குளிர் போய்விட்டது" என்று தோன்றும். சுகமாகத் தூக்கம் வரும். அந்தத் தூக்கத்தில் விழுந்தவரை எழுப்ப ஆள் இல்லாவிட்டால் அவர் எழுந்திருக்க மாட்டார்.

அடித்து எழுப்பினார்கள்

தப்பியவர்கள் செய்ததைக் கேட்டால் மயிர் கூச்செறியும்.

படகைக் கவிழ்த்துப்போட்டு அதன் அடியில் சுருண்டு படுத்தார்கள் சிலர். வாத்தை ஏமாற்றக் கொண்டுபோன மர வாத்துகளை உடைத்துத் தீ மூட்டினார்கள் சிலர். வேறு சிலர் ஒரு மரத்தைச் சுற்றி இரவு முழுவதும் நடந்துகொண்டே இருந்தார்கள். நின்றால் தூக்கம் வரும். தூங்கினால் சாவு வரும்.

இன்னும் சிலர் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டார்கள். சண்டை அல்ல. நண்பன் கண்ணை மூடினால் முகத்தில் ஓங்கி ஒரு அறை! அவன் கோபத்தில் எழுந்து திருப்பி அடிப்பான். அந்தக் கோபமே அவனைக் காப்பாற்றியது. விடியும் வரை இப்படியே அடித்துக்கொண்டு பிழைத்தார்கள்.

ஒரு தீவில் நால்வர் அகப்பட்டார்கள். ஒரு தந்தை, அவருடைய இரண்டு பிள்ளைகள், பிள்ளைகளின் நண்பன் ஒருவன். முதலில் நண்பன் இறந்தான். பிறகு பிள்ளைகளில் ஒருவன் கண் மூடினான். பின்னர் தந்தையும் போய்விட்டார். மீதம் இருந்த ஒரு பையன், உடன் வந்த வேட்டை நாயைக் கட்டி அணைத்துக்கொண்டு கிடந்தான். நாயின் உடல் சூடுதான் அவன் உயிரைப் பிடித்து வைத்தது. மறுநாள் மீட்புப் படகு வந்து அவனை எடுத்துப் போனது. வாத்தைக் கவ்வி வரப் பழக்கிய நாய், எஜமான் வீட்டுப் பிள்ளையை எமன் கையிலிருந்து மீட்டுக் கொடுத்துவிட்டது.

பல வீடுகளில் அன்று இரவு விளக்கு அணையவில்லை. கரையில் மோட்டார் கார்கள் நின்றன. அவற்றில் வந்தவர்கள் மட்டும் திரும்பவில்லை. ஆற்றங்கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால், காற்றின் இரைச்சலில் அந்தக் குரல் பத்து அடி தாண்டவில்லை.

ஆகாயத்தில் ஒரு மனிதர்

மறுநாள் காலை பனி குறைந்தது. ஆனால் காற்று ஓயவில்லை. உயிர் தப்பியவர்கள் எந்தத் தீவில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான தீவுகள். எங்கே என்று தேடுவது?

ஆற்றங்கரையில் வினோனா என்று ஒரு ஊர். அங்கே மாக்ஸ் கான்ராட் என்ற விமானி இருந்தார். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தியவர். அவரிடம் இருந்தது பைப்பர் கப் என்ற சின்னஞ்சிறு விமானம். இரண்டு பேர் உட்காரலாம். சட்டமும் துணியும் சேர்த்துக் கட்டிய லேசான விமானம் அது. பலத்த காற்றில் அதைத் தரையில் நிறுத்தி வைப்பதே கஷ்டம். அந்த விமானத்தில்தான் கான்ராட் கிளம்பினார்.

தீவுகளுக்கு மேலே மிகத் தாழ்வாகப் பறந்தார். புதருக்குள் கை அசைவது தெரிந்தால், அங்கே ஒரு தகர டப்பாவைப் போடுவார். டப்பாவில் ரொட்டி, தீப்பெட்டி, சிகரெட், கொஞ்சம் விஸ்கி. பிறகு அந்த இடத்துக்கு மேலேயே வட்டமிடுவார். கீழே ஆற்றில் வரும் மீட்புப் படகுக்காரர்கள் விமானத்தைப் பார்த்து, ஆள் இருக்கும் இடத்தைக் கண்டுகொள்வார்கள். வழி காட்டிவிட்டு அடுத்த தீவுக்குப் பறப்பார். திரும்ப வந்து, பெட்ரோலும் டப்பாவும் நிரப்பிக்கொண்டு மறுபடியும் போவார்.

எத்தனையோ பேர் அவரால் பிழைத்தார்கள். சில இடங்களில் கை எதுவும் அசையவில்லை. மேலே இருந்து பார்த்தால் ஆள் உட்கார்ந்திருப்பது தெரியும். அருகே போய்ப் பார்த்தால் உயிர் இருக்காது.

மாண்டவர்கள்

அந்தப் புயல் கான்சாஸ் மாகாணத்திலிருந்து மிச்சிகன் மாகாணம் வரை ஆயிரம் மைல் அகலத்துக்கு நாசம் செய்தது. 24 மணி நேரத்துக்குள் வெப்பம் 50 டிகிரி பாரன்ஹீட் வரை இறங்கியது. மின்னசோட்டாவில் காலேஜ்வில் என்ற ஊரில் ஏறக்குறைய 27 அங்குலம் பனி பெய்தது. காற்று அந்தப் பனியை வாரிக் குவித்ததில் சில இடங்களில் 20 அடி உயர மேடுகள் எழும்பின. சாலையில் சென்ற கார்கள் அப்படியே புதைந்தன.

மொத்தம் சுமார் 150 பேர் இறந்தார்கள். மின்னசோட்டாவில் மட்டும் 49 பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வாத்து வேட்டைக்காரர்கள். மிச்சிகன் ஏரியில் மூன்று பெரிய சரக்குக் கப்பல்கள் நாசமாயின; ஏரியில் மாண்டவர்கள் 66 பேர். பண்டிகை விருந்துக்காகப் பண்ணைகளில் வளர்த்த வான்கோழிகள் 15 லட்சம் விறைத்துச் செத்தன. அயோவா மாகாணத்தில் ஆப்பிள் தோட்டங்கள் பட்டுப்போயின.

மக்கள் கொதித்துப் போனார்கள். "முன்கூட்டியே சொல்லியிருந்தால் இத்தனை உயிர் போகுமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதன் பிறகுதான் இரவு பகல் 24 மணி நேரமும் வானிலையைக் கவனிக்க ஏற்பாடு செய்தார்கள். எல்லாவற்றுக்கும் சிகாகோவை நம்பியிராமல், அந்த அந்த வட்டாரத்துக்கு முன்னறிவிப்பு நிலையங்களும் அமைத்தார்கள்.

வாத்து வேட்டை நிற்கவில்லை. இன்றும் நவம்பர் வந்தால் மிசிசிப்பித் தீவுகளில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். விதிகள் மட்டும் மாறியிருக்கின்றன. ஈய ரவையைத் தின்று பறவைகள் விஷம் ஏறிச் செத்ததால், 1991 முதல் அமெரிக்கா முழுவதும் வாத்து வேட்டைக்கு ஈய ரவை கூடாது. எஃகு ரவை போன்றவைதான். ஒரு டாலராக இருந்த முத்திரை இப்போது 25 டாலர். அந்தப் பணத்தில் இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் பறவைகளுக்காகப் பாதுகாத்திருக்கிறார்கள். மிதவைச் சட்டை, தண்ணீர் புகாத பெட்டியில் தீக்குச்சி, மாற்று உடுப்பு, கையில் டெலிபோன் என்று கிளம்புகிறார்கள். வாத்துக் கூட்டம் திடீரென்று அளவுக்கு மீறி வந்து இறங்கினால், வயதானவர்கள் முதலில் வடமேற்கு வானத்தைத்தான் பார்ப்பார்கள்.

மாக்ஸ் கான்ராட் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றார். 1959-ம் ஆண்டு ஜூன் மாதம், ஆப்பிரிக்காவில் காசாபிளாங்கா நகரத்திலிருந்து அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வரை, எங்கும் இறங்காமல் ஒற்றை என்ஜின் விமானத்தில் தனியாகப் பறந்தார். தூரம் 7,668 மைல். பிடித்த நேரம் 58 மணி 38 நிமிஷம். பத்துப் பிள்ளைகளுக்குத் தகப்பனார். "பறக்கும் தாத்தா" என்று அவரைச் செல்லமாக அழைத்தார்கள். 1979-ல் காலமானார். வினோனா விமான நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.